வேர்காக்கும் நூற்புழு

பயிருக்கு நேரும் பகை இருவகைப்படும். ஒன்று கண்ணுக்குப் புலனாகும் பகை. மற்றொன்று மண்ணுக்குள் மறைந்திருக்கும் பகை. இலையைத் தின்னும் வெட்டுக்கிளியையும் கதிரைக் கொய்யும் கிளியையும் உழவன் காண்கின்றான். பரண் கட்டிக் காவல் புரிகின்றான். கவண்கல் எறிந்து ஓட்டுகின்றான். வேரைத் தின்னும் புழுவையோ அவன் காண்பதில்லை. நேற்றுவரை பசுமையாய் நின்ற பயிர் இன்று வெளிறுகின்றது, நாளை வாடுகின்றது. நீர் போதவில்லை போலும் என்று எண்ணி நீர் பாய்ச்சுகின்றான். எருக் குறைந்தது போலும் என்று எண்ணி எரு இடுகின்றான். முடிவில் ஐயுற்று ஒரு தூரைப் பற்றி இழுக்க, அது தடையின்றிக் கையோடு வந்துவிடுகின்றது. வேர் இருந்த இடத்தில் வேர் இல்லை; வெண்ணிறப் புழு ஒன்று பிறைபோல் வளைந்து கிடக்கின்றது.

இதனை வேர்ப்புழு என்றும் வெண்புழு என்றும் வழங்குவர். இது வண்டின் இளமைப் பருவமேயன்றித் தனியொரு புழுவினம் அன்று. தாய்வண்டு மண்ணைக் கிளறி உள்ளே முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் புழு பல திங்கள் மண்ணுள் தங்கி, வேரைத் தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாகிப் பின்னர் வண்டாய் வெளிவரும். வண்டாய்ப் பறக்கும் காலம் சிறிது. புழுவாய் அழிக்கும் காலம் பெரிது. மேலுள்ள மண்ணே அதற்குக் கோட்டை மதில். மேலே தூவும் நஞ்சு அம்மதிலைக் கடந்து உள்ளே சேர்தல் அரிது. சேருமளவு மிகுதியாய்த் தூவினாலோ, மண்புழுவும் பறவையும் நீர்நிலையும் கெடும்.

இப்பகையை எதிர்ப்பதற்கு மண்ணுக்குள்ளேயே ஒரு துணை உண்டு. வியப்பு யாதெனின், அத்துணையும் ஒரு புழுவே. மனிதன் அதனைக் கண்டதும், கண்டதனை நழுவவிட்டதும், மீண்டும் பெற்றதுமாகிய வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில் தொடங்குகின்றது.

1916ஆம் ஆண்டில் அம்மாநிலத்து ரிவர்ட்டன் என்னும் ஊருக்கு அருகில், செடிவளர்ப்புப் பண்ணை ஒன்றில், அதுகாறும் அந்நாட்டார் கண்டிராத வண்டு ஒன்று தென்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். தலையும் மார்பும் பச்சைமணிபோல் ஒளிரும். சிறகுறை செம்பின் நிறம் காட்டும். உடலின் இருமருங்கும் வெண்மயிர்க் கற்றைகள் வரிசையாய் அமைந்திருக்கும். பார்வைக்கு அழகியது, செயலிற் கொடியது. ஜப்பானிலிருந்து வந்த செடிக் கிழங்குகளோடு ஒட்டியிருந்த மண்ணில் இதன் புழு மறைந்து வந்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். அதனால் இதற்கு ஜப்பான் வண்டு என்று பெயராயிற்று. தாய்நாட்டில் இதனை அடக்கி வைத்திருந்த இயற்கைப் பகைகள் புதிய நாட்டில் இல்லை. ஆகவே அது வரம்பின்றிப் பெருகிற்று. ரோசாவும் திராட்சையும் உட்பட ஏறத்தாழ 300 வகைச் செடிகொடிகளின் இலையும் மலரும் அதற்கு இரையாயின. அதன் புழுவோ புல்வேரை நாடிற்று. வேரற்ற புல்தரையை, விரித்த பாயைச் சுருட்டுவதுபோற் கையாற் சுருட்டி எடுத்துவிடலாம் என்னும் நிலை வந்தது.

இவ்வாறு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1929ஆம் ஆண்டில், ஹாடன்பீல்டு நகருக்கு அருகிலுள்ள டாவிஸ்டாக் என்னும் இடத்துக் கோல்ப் விளையாட்டுப் புல்வெளியில் நோயுற்ற வேர்ப்புழுக்கள் சில கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர் ருடால்ப் வில்லியம் கிளேசர். அவர் பிரின்ஸ்டன் நகரில் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் கிளையிற் பணிபுரிந்தவர். பூச்சிகளுக்கு வரும் நோய்களை ஆராய்வதில் வல்லவர். செத்த புழுவைப் பிளந்து நோக்கியபோது, அதன் உடல் முழுவதும் மெல்லிய நூலிழைகள் போன்ற உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவை நூற்புழுக்கள்.

நூற்புழு என்னும் பெயரைக் கேட்டதும் நம் நாட்டார் நெஞ்சில் அச்சமே எழும். குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவும், யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவும், முற்காலத்தில் ஊருணி நீர்வழி மக்களைப் பற்றிய நரம்புச் சிலந்தியும் நூற்புழு இனத்தனவே. பயிர்வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களும் உள. ஆயினும் ஓர் இனத்திற் சிலர் தீயராயிருத்தல் பற்றி அவ்வினம் முழுவதையும் தீயதெனத் தள்ளுதல் முறையன்று. கிளேசர் கண்ட நூற்புழு பயிரைத் தீண்டுவதில்லை. மாந்தரையும் கால்நடைகளையும் பற்றுவதில்லை. பூச்சிகளை மட்டுமே நாடுவது. ஸ்டைனர் என்னும் அறிஞர் அவ்வாண்டிலேயே அதனை விளக்கி, கண்டவரின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று அது ஸ்டைனர்நீமா கிளேசரி என்று வழங்கப்படுகின்றது.

கிளேசர் கண்டதோடு அமையவில்லை. இதனைப் பெருக்கி வயலில் விட்டால் என்ன என்று எண்ணினார். பூச்சியின் உடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியை, பூச்சியின்றியே வளர்த்தல் இயலுமா? அதுவரை எவரும் அதனைச் செய்திலர். அவர் கன்றிறைச்சிச் சாறு சேர்த்த கூழைத் தட்டுகளில் உறையவிட்டு, அதன்மேல் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் பரப்பி, நூற்புழுக்களை விட்டார். அவை வளர்ந்தன, பெருகின. வேண்டாத கிருமிகள் தட்டிற் புகாதவாறு அவற்றைத் தடுக்கும் மருந்துகளையும் சேர்த்தார். நூற்புழுக்கள் பெருந்தொகையாக வளர்க்கப்பட்டு, 1930களில் நியூஜெர்சியின் பல நிலங்களில் விடப்பட்டன.

பயன் ஒருசீராக இல்லை. சில நிலங்களில் வேர்ப்புழுக்கள் மிகுதியாய் மாண்டன. சில நிலங்களில் விட்டதும் விடாததும் ஒன்றாகவே இருந்தது. தட்டிலேயே பலமுறை மாற்றி வளர்த்த நூற்புழுக்கள் நாளடைவில் ஈனும் ஆற்றல் குன்றின. அவற்றை ஒருமுறை உயிருள்ள வேர்ப்புழுவினுள் புகவிட்டு எடுத்தால் இழந்த வலிமை திரும்பிற்று. உயிர்ப்புழுவினுள் இருந்து, கூழில் இல்லாமற்போன அந்த ஒன்று யாது? கிளேசர் அதனைக் காணவில்லை. வேர்ப்புழுவுக்குப் பால்நோய் உண்டாக்கும் வேறொரு பாக்டீரியாவின்மேல் அரசினரின் நாட்டம் சென்றது. அதன்பின் டி.டி.டி. முதலிய செயற்கை நஞ்சுகள் வந்தன. அவை மலிவு, உடனே கொல்வன, நெடுநாள் நிற்பன. இத்தனை எளிய வழி இருக்க, கண்ணுக்குத் தெரியாப் புழுவைப் பேணி வளர்ப்பார் யார்? கிளேசரின் முயற்சி கைவிடப்பட்டது.

அந்த எளிய வழி எங்குச் சென்று முடிந்தது என்பதற்கும் ஜப்பான் வண்டே சான்று. 1954ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து ஷெல்டன் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலங்களில், இவ்வண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சை வானூர்தியிலிருந்து தூவினர். நஞ்சுண்ட புழுக்கள் மண்ணின்மேல் வந்து துடித்தன. அவற்றைத் தின்ற பறவைகள் மாண்டன. பண்ணைப் பூனைகளிற் பெரும்பகுதி இறந்தொழிந்தன. இக்கொடுமையை ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார். அதன்பின்னரே நஞ்சில்லா வழிகளை நோக்கி அறிஞர் கவனம் மீண்டும் திரும்பலாயிற்று.

இதற்கிடையில், கிளேசர் காணாத அந்த ஒன்றின் தடயம் வேறிடத்தில் வெளிப்பட்டது. பால்நோயை ஆராய்ந்து பெயர்பெற்ற டட்கி என்பவர், ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் புழுவில் ஒரு நூற்புழுவைக் கண்டு, தம்முடன் ஆய்ந்தவரோடு 1955இல் அதனைப் பற்றி எழுதினார். பாய்னர், தாமஸ் என்னும் இருவர் அந்நூற்புழுவை நுணுகி ஆராய்ந்து, அதன் குடலில் எப்போதும் ஒரு தனிவகைப் பாக்டீரியா குடியிருத்தலை 1965இல் வெளியிட்டனர். அது தற்செயலாகப் புகுந்த கிருமி அன்று. நூற்புழு தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் கூட்டாளி. பாக்டீரியா நீக்கப்பெற்ற நூற்புழு பூச்சியினுட் புகுந்தாலும் அங்குச் செழித்துப் பெருகுவதில்லை என்பதும் தெளிவாயிற்று.

இப்போது கிளேசரின் தட்டை நினைத்துப் பார்த்தல் தகும். வேண்டாத கிருமிகளை விலக்க அவர் சேர்த்த மருந்து, வேண்டிய கூட்டாளியையும் உடன் விலக்கிவிட்டது என்று பின்வந்தோர் கருதுகின்றனர். தூய்மையே தடையாயிற்று! படைவீரனை நன்கு நீராட்டி, ஆடை அணிவித்து, அவன் வாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு போர்க்களத்திற்கு அனுப்பியது போலாயிற்று அது. அவருடைய பிழை என்று இதனைச் சொல்லுதல் பொருந்தாது. கிருமி என்றாலே பகை என்பது அக்காலத்தார் பலருடைய துணிபு. அவர் இவ்வுண்மையை அறியாமலே மறைந்தார்.

நூற்புழுவும் பாக்டீரியாவும் கூடி இயற்றும் வினையை முறையே காண்போம்.

மண்ணில் உலவுவது நூற்புழுவின் இளம்பருவம். ஸ்டைனர்நீமா கிளேசரியின் இளம்புழு ஒரு மில்லிமீட்டரினும் சற்று நீண்டது, தலைமயிரினும் மெல்லியது. அது உண்பதில்லை. அதன் வாய் மூடியிருக்கும். முந்திய பருவத்தில் உரிந்த தோலையே கழற்றாமல் மேற்சட்டையாய்ப் போர்த்திருக்கும். உடலிற் சேமித்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. மண்துகள்களைச் சூழ்ந்துள்ள ஈரப்படலத்தில் நீந்தி, பூச்சி மூச்சுவிடும்போது வெளிப்படும் கரியமிலவாயுவை மோப்பமாய்க் கொண்டு இரையைத் தேடிச் செல்லும். எல்லா இனமும் இவ்வாறு தேடித் திரிவதில்லை. வேறொரு இனம் மண்ணின் மேற்பரப்பில் வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று, அவ்வழியே வரும் பூச்சியின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒன்று வேட்டைக்குச் செல்லும் வேடன். மற்றொன்று பதுங்கியிருக்கும் வேடன். ஓரிடத்தில் அசையாது கிடக்கும் வேர்ப்புழுவுக்கு ஏற்றவன் முன்னவனே.

இரையை அடைந்த இளம்புழு, வாய் வழியாகவோ கழிவாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே புகும். ஹெட்டரோராப்டைட்டிஸ் என்னும் இனத்திற்குத் தலையில் நுண்ணிய பல் ஒன்று உண்டு. மெல்லிய தோலை அதனாற் கிழித்தும் புகும். பூச்சியின் குருதி நிறைந்த உட்குழியை அடைந்ததும், தன் குடலிற் சுமந்துவந்த பாக்டீரியாவை வெளியே விடும். அந்தப் பாக்டீரியா மண்ணில் தனித்து நெடிது வாழ மாட்டாது. பூச்சியினுள் தானாகப் புகவும் மாட்டாது. ஆனால் குருதியிற் கலந்துவிட்டால் விரைந்து பெருகி நஞ்சை உமிழும். ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் பூச்சி இறந்துபடும். குருடன் தோளில் முடவன் ஏறி வழிகாட்ட, இருவரும் ஊர் சேர்ந்தனர் என்று ஒரு பழங்கதை உண்டு. இங்கும் நடக்கும் ஆற்றல் ஒன்றற்கு. கொல்லும் ஆற்றல் மற்றொன்றற்கு.

பூச்சி இறந்த பின்னரே இக்கூட்டுறவின் நுட்பம் மிகுதியும் விளங்கும். மண்ணிற் கிடக்கும் பிணத்தை நாடிப் பிற கிருமிகள் வருதல் இயல்பு. ஆயினும் இப்பிணம் அழுகி நாறுவதில்லை. பாக்டீரியா வெளியிடும் மருந்துப் பொருள்கள் பிற கிருமிகளைத் தடுத்துவிடுகின்றன. எறும்பும் அதனை விரும்புவதில்லை. பாக்டீரியா பூச்சியின் ஊனைக் கரைத்துக் கூழாக்க, நூற்புழு அக்கூழையும் பாக்டீரியாவையும் உண்டு வளர்ந்து குஞ்சு பொரிக்கும். ஸ்டைனர்நீமாவில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. ஆதலின் ஓருடலில் இரண்டு புகுந்தாலன்றிப் பெருக்கமில்லை. ஹெட்டரோராப்டைட்டிஸில் முதல் தலைமுறை ஆண்மையும் பெண்மையும் ஒருங்கே உடையது. ஆகவே ஒன்று புகுந்தாலும் போதும். இரண்டு மூன்று தலைமுறைகள் அவ்வுடலுக்குள்ளேயே பிறந்து வளரும். உணவு தீர்ந்ததும் புதிய இளம்புழுக்கள் ஒவ்வொன்றும் சிறிது பாக்டீரியாவைத் தம் குடலில் ஏற்றுக்கொண்டு, வெற்றுத்தோலைத் துளைத்து வெளியேறும். ஓர் உடலினின்று இவ்வாறு புறப்படுவன ஒரு நூறாயிரத்தையும் மிஞ்சும்.

ஹெட்டரோராப்டைட்டிஸ் சுமக்கும் பாக்டீரியாவுக்கு ஃபோட்டோராப்டஸ் என்று பெயர். அது புகுந்த பூச்சியுடல் செங்கல் நிறமாகும். இருளில் மங்கலாக ஒளிவிடவும் செய்யும். இதனையொட்டி ஒரு செய்தி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் ஷைலோ என்னுமிடத்துப் போர்க்களத்தில் காயமுற்றுக் கிடந்த வீரர் சிலரின் புண்கள் இரவில் ஒளிர்ந்தன என்றும், ஒளிர்ந்த புண்களே விரைவில் ஆறின என்றும் மக்கள் கூறிவந்தனர். 2001ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பள்ளி மாணவர் இருவர், மண்ணிலிருந்த ஃபோட்டோராப்டஸ் புண்ணிற் கலந்து பிற கிருமிகளைத் தடுத்திருக்கலாம் என்று ஆய்ந்துரைத்துப் பரிசு பெற்றனர். இப்பாக்டீரியா மனித உடலின் வெப்பத்தைத் தாங்காதே என்னும் தடை எழுந்தது. நனைந்த தரையில் குளிர்ந்த இரவிற் கிடந்தமையால் வீரர்களின் உடல்வெப்பம் தாழ்ந்திருக்கும் என்பது அவர்கள் விடை. ஷைலோவில் நிகழ்ந்தது அதுவேதானா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. எனினும், உழவில் பயன்படும் நூற்புழுக்கள் மனிதரிடத்தும் கால்நடையினிடத்தும் வாழமாட்டாமைக்கு வெப்பம் ஒரு காரணம் என்பது மெய்.

இத்துணை வலிய துணைவன் இருந்தும், வேர்ப்புழு எளிதில் வீழ்ந்துவிடுவதில்லை. மண்ணில் நெடுங்காலம் நூற்புழுவோடு பழகிய இனமாதலின், அதற்கும் காப்புகள் உண்டு. அதன் மூச்சுத்துளைகளைச் சல்லடைபோன்ற தகடுகள் மூடியுள்ளன. நூற்புழு அவ்வழியே புகுதல் அரிது. கழிவாய் வழியே புகுவதை அடிக்கடி மலங்கழித்துத் தள்ளிவிடும். உடலில் ஒட்டியதைக் கால்களாலும் வாயாலும் துடைத்தெறியும். முற்றிக் கொழுத்த புழுவிடத்து இக்காப்புகள் மிகுதி. இளம் வேர்ப்புழுவிடத்துக் குறைவு. ஆகவே வண்டு முட்டையிட்டுப் புழு சிறிதாயிருக்கும் பருவத்திலேயே நூற்புழுவை விடவேண்டும். பயிர் வாடியபின் விடுவது வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதாகும்.

விடும் முறையும் கருதத்தக்கது. நூற்புழுவுக்கு வெயில் ஆகாது; கதிரவன் ஒளியில் அது விரைவில் மடியும். உலர்ந்த மண்ணில் அது நகராது. ஆகவே முதலில் நிலத்தை நனைத்து, வெயில் சாய்ந்தபின் நீரிற் கலந்து ஊற்றி, மீண்டும் நீர் பாய்ச்சுதல் வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 250 கோடி இளம்புழுக்கள் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. எண்ணைக் கண்டு மலைக்க வேண்டா. அத்தனையும் ஒரு சிறு பொதியில் அடங்கிவிடும். ஆனால் அப்பொதிக்குள் இருப்பது உயிர். நஞ்சுப் பொடியைப் போல ஆண்டுக்கணக்கில் அறையிற் பூட்டிவைக்க இயலாது. வண்டியிலே வெயிலில் கிடந்த பொதியை நம்பி ஊற்றிய உழவன், செத்த புழுவை ஊற்றியவனாவான். நூற்புழு பயன்தரவில்லை என்னும் குறைகளுட் பல இவ்வாறு எழுந்தவையே.

மற்றுமொரு தடை, ஒரு நாட்டில் திறம்படச் செயற்படும் நூற்புழு இன்னொரு நாட்டின் வெப்பத்தில் சோர்ந்துவிடுதலாகும். குளிர்நாட்டு இனங்கள் பல, தமிழகத்துக் கோடையைத் தாங்கா. தமிழகத்திலோ வேர்ப்புழுவின் தொல்லை சிறிதன்று. கோடைமழை பெய்து மண் நனைந்ததும் அந்திப்பொழுதில் வண்டுகள் கூட்டமாய் வெளிவந்து வேப்பமரத்திலும் கருவேலமரத்திலும் மொய்க்கும். பின்னர் மண்ணிற் புகுந்து முட்டையிடும். அவற்றின் புழுக்கள் கரும்பின் வேரையும் நிலக்கடலையின் வேரையும் அழிக்கும். மரங்களை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி அழிப்பது நன்முறை. எனினும் எஞ்சியவற்றை ஒழிக்க உழவர் நெடுங்காலம் பி.எச்.சி. என்னும் நஞ்சுப்பொடியையே நம்பினர். 1997ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைத் தடைசெய்தது.

அத்தடைக்குச் சில ஆண்டுகள் முன்னரே, மாற்று வழி கோவை மண்ணிற் கிடைத்திருந்தது. கரும்பின் நுனிக்குருத்தைத் துளைக்கும் புழுவில் ஒரு நூற்புழுவைக் கண்டெடுத்தனர். முன்னர்க் கூறிய பாய்னரும், கருணாகர், டேவிட் என்னும் அறிஞரும் 1992இல் அதனைப் புதிய இனமென விளக்கி, ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகா என்று இந்தியாவின் பெயரால் வழங்கினர். இதன் இளம்புழு அரை மில்லிமீட்டர் அளவினது. கிளேசரின் நூற்புழுவிற் பாதியே. உருவிற் சிறிதாயினும் வெப்பத்தைத் தாங்குவதில் வலியது. பிற வெப்பநாடுகள் பலவற்றிலும் இவ்வினம் பின்னர்க் காணப்பட்டது. பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் இதனை நீரிற் கரையும் பொடியாக ஆக்கினர். கரும்பு, பாக்கு, ஏலம் ஆகியவற்றின் வேர்ப்புழுவுக்கு அப்பொடி இன்று பயன்படுகின்றது.

இதனைப் பெருக்குவதற்குக் கிளேசரின் கூழும் தட்டும் இன்றியமையாதன அல்ல. தேனடையைக் கெடுக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களைத் தவிட்டிலும் மாவிலும் வளர்த்து, நூற்புழு கலந்த நீரை அவற்றின்மேல் தெளித்தாற் போதும். இரண்டு நாளில் அவை செந்நிறமாகி இறக்கும். அவ்வுடல்களை அப்படியே எடுத்துச் சென்று, மாலைப்பொழுதில் கரும்பின் தூருக்கு அருகே சிறு குழிதோண்டிப் புதைத்து நீர் பாய்ச்சுவோரும் உளர். ஒருசில நாட்களில் அவ்வுடல் வெற்றுத்தோலாய்ச் சுருங்கும். அதனினின்று புறப்பட்டவை ஈரமண்ணில் வேரோரமாக நகரத் தொடங்கியிருக்கும்.